அம்மம்மாவின் வட்ஸ்அப் ஏன் காணாமல் போகிறது: இயல்பு இடைமுகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

வெள்ளவத்தையில் அம்மம்மா இருக்கும் ஃபிளாட்டிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு அழைப்பு வரும், பக்கத்து வீட்டு அன்ரியின் போனிலிருந்து. "தம்பி, வட்ஸ்அப் துலைஞ்சு போச்சடா." வேலை முடிந்து, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் வட்ஸ்அப் போனுக்குள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், முகப்புத் திரையில் மட்டும் இருக்காது. எடுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். பத்து நாளில் திரும்பவும் துலையும்.

ஒருநாள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பச்சைப் படத்தின் மேல் விரலை வைத்தார். வைத்து, அழுத்தினார். கோலிங் பெல் சுவிட்சை அழுத்துவதுபோல, உள்ளே மணி அடிக்கும் சத்தம் கேட்கும்வரை எடுக்காமல். போன் ஒரு சின்ன அதிர்வு அதிர்ந்தது, படம் திரையிலிருந்து கழன்று விரலோடு மிதக்கத் தொடங்கியது, 81 வயது விரல் கொஞ்சம் நடுங்கி மேலே போனது, மேலே 'அகற்று' என்று ஒரு பெட்டி காத்துக்கொண்டிருந்தது. விரலை எடுத்தார். போச்சு.

அவர் செய்ததில் என்ன பிழை? ஃபேன் சுவிட்ச், ரேடியோ, பழைய பட்டன் போன் என்று வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் அழுத்தித்தான் வேலை வாங்கியிருக்கிறார், அழுத்தினால்தானே வேலை செய்யும். ஆனால் தொடுதிரைக்கு அழுத்தம் பொருட்டே இல்லை, அது பார்ப்பது எவ்வளவு நேரம் தொட்டாய் என்பதை மட்டும். வேடிக்கை என்னவென்றால், தொடுதிரையை உலகத்துக்கு விற்றபோது சொன்ன முதல் காரணமே இது 'இயல்பானது' என்பதுதான். படிக்க வேண்டாம், பழக வேண்டாம், விரலை வைத்தால் போதும்.

நான் கொழும்பில் ஆப்களுக்குத் திரை வடிவமைக்கும் வேலை செய்கிறேன். இந்த 'நேச்சுரல் யூசர் இன்டர்ஃபேஸ்', அதாவது இயல்பு இடைமுகம் என்ற சொல் எங்கள் கூட்டங்களில் அடிக்கடி அடிபடும், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது ஒரே பொருளாக இருந்ததை நான் பெரிதாகக் கண்டதில்லை. அதனால்தான் அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். கணினி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, போன் வைத்திருந்தால் போதும்.

இடைமுகம் என்றால்

வங்கிக் கவுண்டரில் கண்ணாடிக்கு அடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை இருக்குமே, அதுதான் இடைமுகம். இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் வேலை செய்கிறவர், நடுவில் படிவமும் காசும் போய் வருகிற வழி. கணினியோடும் அப்படித்தான். நீங்கள் நினைப்பதை அதற்குச் சொல்லவும் அது செய்ததை நீங்கள் அறியவும் இருக்கிற வழி எல்லாம் சேர்ந்து இடைமுகம். சுவரில் இருக்கிற சுவிட்சும் ஓர் இடைமுகம்தான், ஓட்டோவின் ஹேண்டிலும் அப்படியே.

கணினியின் முதல் காலத்து ஓட்டை மிகச் சின்னது. கறுப்புத் திரை, கண் சிமிட்டுகிற ஒரு கோடு, அதில் நீங்கள் கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும், ஓர் இடைவெளி கூடக்குறைய விழுந்தால்கூடப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். சில அலுவலகங்களில் முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதிவிட்டால் விண்ணப்பத்தையே எடுக்க மாட்டார்களே, அதே குணம். கட்டளைகள் உங்கள் நினைவில் இருக்க வேண்டும், திரை எந்தக் குறிப்பும் தராது.

அப்புறம் படங்கள் வந்தன. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் மவுஸ் என்ற சின்னப் பெட்டியை ஒரு சபைக்கு முன்னால் இயக்கிக் காட்டினார். ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் 1973இல் ஆல்ட்டோ என்ற கணினி உருவானது, 1981இல் அதே நிறுவனத்தின் ஸ்டார் விற்பனைக்கு வந்தது, 1984இல் அப்பிளின் மக்கின்டொஷ் வந்தது. ஜன்னல், கோப்புறை, குப்பைத்தொட்டி எல்லாம் திரைக்கு வந்தன. இது பெரிய விடுதலை, ஏனென்றால் கட்டளையை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, கண்ணால் கண்டு தெரிந்தெடுத்தால் போதும்.

ஆனாலும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கத்தான் செய்தார். கை மேசையில் அசையும், அம்பு திரையில் அசையும். இரண்டும் ஒன்றுதான் என்று மூளை பழக வேண்டும். கொட்டாஞ்சேனையில் நான் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போன காலத்தில் ஓர் அக்கா முதல் நாள் மவுஸைக் கையில் தூக்கி, ரிமோட்டைப் போலத் திரையை நோக்கிப் பிடித்தார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இன்று யோசித்தால் அந்த அக்காதான் சரியாக யோசித்தவர். திரையில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால் அதை நோக்கித்தானே பிடிக்க வேண்டும், மேசையைத் தேய்க்கச் சொன்னால் யாருக்கு விளங்கும்?

அந்த மொழிபெயர்ப்பாளரை நடுவிலிருந்து எழுப்பி அனுப்பிவிடலாம் என்ற ஆசைக்குத்தான் மூன்றாவதாக ஒரு பெயர் வைத்தார்கள். விரலால் தொடு, கையை அசை, வாயால் சொல், பேனாவால் எழுது, கண்ணால் பார். மனிதரிடம் ஏற்கனவே இருக்கிற இந்தத் திறன்களை வைத்தே கணினியோடு பழகுவதுதான் இயல்பு இடைமுகம்.

'இயற்கை' என்று மொழிபெயர்க்காமல் 'இயல்பு' என்று நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓ/எல் தமிழ்ப் பாடத்தில் புணர்ச்சி படித்தது நினைவிருக்கும். பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை, இரண்டு சொல்லும் மாறவில்லை, அது இயல்பு புணர்ச்சி. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், ஒன்று திரிந்துவிட்டது, அது விகாரம். மனிதரும் இயந்திரமும் சேரும் இடத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கறுப்புத் திரைக் காலத்தில் முழு விகாரமும் மனிதர் பக்கம். மவுஸ் வந்தபோது பாதி குறைந்தது. இயல்பு இடைமுகம் தருகிற வாக்குறுதி, நீ மாற வேண்டாம், நான் மாறிக்கொள்கிறேன் என்று இயந்திரம் சொல்வது. அந்த வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதுதான் மிச்சக் கதை.

இது ஐபோனோடு வந்ததல்ல

நிறையப் பேர் தொடுதிரை 2007இல் பிறந்தது என்று நினைக்கிறார்கள். அதற்கு 40 வருடங்களுக்கு முன்பே ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பாட் என்ற ஒன்றைச் செய்தார். ஒளிப்பேனாவைத் திரையிலேயே வைத்துக் கோடு வரையலாம், வரைந்ததைப் பிடித்து இழுக்கலாம். கணினிக்குத் துளை போட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒருவர் திரைமேலேயே கை வைத்துப் படம் வரைந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

விரலால் தொடுகிற திரை பற்றி 1965இல் எழுதியவர் இ. ஏ. ஜோன்சன், இங்கிலாந்தில் மால்வர்ன் என்ற ஊரிலிருந்த ராடார் ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர். அவருக்குப் போன் செய்கிற எண்ணமெல்லாம் இல்லை, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் அவசரத்தில் விசைப்பலகையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் கவலை. 1972இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி முறைக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் திரை ஒன்று வந்தது. அதன் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள், 16க்கு 16 கட்டங்கள். மாணவர் விரலை வைத்தால் கதிர் தடைப்படும், எந்தக் கட்டம் என்று இயந்திரம் அறிந்துகொள்ளும். ஜெனீவாவில் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் பென்ட் ஸ்டம்பேயும் ஃபிராங்க் பெக்கும் செய்த தொடுதிரைகள் 1976இல் பெரிய துகள் முடுக்கி ஒன்றின் கட்டுப்பாட்டு அறையிலேயே வேலைக்கு வந்துவிட்டன.

அவர்களுடையதும் இன்று நம் கையில் இருப்பதும் ஒரே குடும்பம். மனித உடம்பு மின்சாரம் கடத்தும். கண்ணாடிக்குக் கீழே நுண்ணிய மின்முனைகள் வலைபோல இருக்கும், விரல் கிட்ட வந்ததும் அந்த இடத்து மின்னேற்றம் துளி மாறும், அதைக் கணக்கிட்டுப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறது. இதனால்தான் மழையில் ஓட்டோ ஓட்டுகிறவர் ஹேண்டிலில் மாட்டிய போனில் துளி விழுந்தால் வரைபடம் தானாக ஓடுகிறது, தண்ணீரும் கடத்துமே. வயதானவர்களின் விரல்நுனி காய்ந்து தடித்திருந்தால் மறுபக்கம், திரைக்கு விரல் வந்ததே சரியாகத் தெரியாது. அம்மம்மா ஏன் இன்னும் இன்னும் அழுத்துகிறார் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாவம், அழுத்த அழுத்த அது 'நீண்ட தொடுகை' ஆகிவிடுகிறது.

இரண்டு விரலால் தொடுகிற வித்தை எங்கே வளர்ந்தது தெரியுமா? நம் சொந்தக்காரரில் பாதிப்பேர் இருக்கிற அதே ரொறன்ரோவில். 1982இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்பவர் மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் கமெரா வைத்து, விரல் படும் இடமெல்லாம் கரும்புள்ளியாகத் தெரிய, பல விரல்களை ஒரே நேரத்தில் இயந்திரத்துக்குக் காட்டினார். 1985இல் பில் பக்ஸ்டனும் கூட்டாளிகளும் பல விரல் தொடுபலகை ஒன்றைச் செய்து காட்டினார்கள். மைரன் குரூகர் என்ற கலைஞரும் ஆய்வாளருமான ஒருவர் 1970களிலிருந்தே வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். உடம்பில் எதையும் மாட்டாமல் கமெராவுக்கு முன்னால் நின்றால் போதும், உங்கள் நிழலுருவம் பெரிய திரையில் விழும், அந்த நிழலின் கை திரையில் இருக்கிற உருவங்களோடு விளையாடும். வீடியோபிளேஸ் என்று அதற்குப் பெயர்.

எனக்கு இந்தக் கதைகளில் மிகப் பிடித்தது 1980இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் செய்தது. ஓர் அறை, நடுவில் ஒரு கதிரை, எதிரில் சுவர் அளவு திரை. கதிரையில் இருப்பவர் மணிக்கட்டில் சின்ன உணர்கருவி. அவர் கையை நீட்டி 'அதை' என்பார், இன்னோர் இடத்தைக் காட்டி 'அங்கே வை' என்பார். திரையிலிருந்த வடிவம் போய் அங்கே உட்காரும். ஆய்வின் பெயரே 'அதை அங்கே வை' என்பதுதான். 'அதை' என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. கையும் சேர்ந்தால்தான் பொருள். நாம் தினமும் அப்படித்தானே பேசுகிறோம், "உதை எடுத்து இதுக்குப் பக்கத்தில வை" என்று அம்மா குசினியிலிருந்து சொன்னால் பார்வை எங்கே போகிறது என்று பார்த்துத்தான் நாம் எடுக்கிறோம். சொல்லும் கையும் சேர்ந்துதான் பேச்சு என்பதை 1980இலேயே கணினிக்குப் படிப்பித்துவிட்டார்கள், பிறகு வந்தவர்கள் அதைக் கொஞ்சக் காலம் மறந்து, விரலை மட்டும் தனியாகவும் குரலை மட்டும் தனியாகவும் வளர்த்தார்கள்.

பெயர் வந்தது எப்படி? உடம்பிலேயே கணினியை அணிந்து திரிந்த ஸ்டீவ் மான் என்ற கனடாக்காரர் 1990களில் தன் வேலைகளை இயல்பு இடைமுகம் என்றும் 'உருவகம் இல்லாத கணிமை' என்றும் அழைத்தார். உருவகம் இல்லாத என்றால், குப்பைத்தொட்டிப் படம், மேசைப் படம் என்ற வேஷங்கள் இல்லாமல் நேராக உலகத்தோடு பழகுவது. அதே காலத்தில் ஸெரொக்ஸில் மார்க் வைசர், நல்ல கணினி என்றால் கண்ணில் படாமல் சுற்றுச்சூழலில் கரைந்துவிட வேண்டும் என்று 1991இல் எழுதினார். ஆனால் இந்தச் சொல் வெளியே பரவியது அதற்கும் பல வருடம் கழித்து. 2006இல் ஜெஃப் ஹான் ஒரு மேடையில் பல விரல் திரையைக் காட்டினார், கருவியைக் கையில் பிடித்து வீசி விளையாடும் நிண்டெண்டோவின் வீ வந்தது, 2007இல் ஐபோன், அதே வருடம் மைக்ரோசொஃப்ட் மேசையளவு தொடுதிரை ஒன்றை அறிவித்தது. கட்டளை, படம், அடுத்தது இயல்பு என்று மூன்று படியாக வரைந்து காட்டுவது அந்த நிறுவனத்து ஆட்களிடையே பழக்கமானது. 2010 நவம்பரில் அவர்களுடைய கினெக்ட் என்ற விளையாட்டுக் கமெரா வந்தபோது கையில் எதுவும் பிடிக்காமல் உடம்பாலேயே விளையாடலாம் என்றார்கள், முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. 2017இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

கையை நீட்டினால் தண்ணீர் வருமா

கொழும்பில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் கழிவறையில் பார்த்தது. கைப்பிடி இல்லாத குழாய். கையைக் கீழே நீட்டினால் உணர்கருவி கண்டு தண்ணீர் விடும், இதைவிட இயல்பான ஒன்று இருக்க முடியாது, கை கழுவுவதற்கு எப்படியும் கையை நீட்டத்தானே வேண்டும். ஆனால் என் முன்னால் நின்ற ஐயா குழாயைத் திருகப் பார்த்தார், மேலே தட்டினார், பக்கத்துக் குழாய்க்குப் போனார், கடைசியில் என்னைப் பார்த்தார். சுவரில் மூன்று மொழியிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது, 'கையைக் கீழே பிடிக்கவும்' என்று. பயன்படுத்தும் முறையைத் தாளில் எழுதி ஒட்ட வேண்டி வந்தால் அந்த இயல்புக்கு என்ன பொருள்?

இதே கேள்வியை வடிவமைப்பு உலகில் மூத்தவரான டொன் நோர்மன் 2010இல் கேட்டார், இயல்பு இடைமுகங்கள் இயல்பானவை அல்ல என்று தலைப்பே வைத்து. பழைய முறையில் பட்டியும் பொத்தானும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், என்னென்ன செய்யலாம் என்று திரையே சொல்லும். சைகையில் ஒன்றுமே தெரியாது. மூன்று விரலால் கீழே இழுத்தால் சில போன்கள் திரையைப் படம் பிடிக்கும் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ சொன்னார்கள், அல்லது தற்செயலாகப் பட்டது. கறுப்புத் திரைக் காலத்தில் கட்டளைகளை மனப்பாடம் செய்ததுபோல இப்போது சைகைகளை மனப்பாடம் செய்கிறோம்.

நோர்மன் சொன்னதில் நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு தலையாட்டல். மேற்கிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் அங்கே தலையாட்டுவதைப் பார்த்து ஆம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று குழம்பிப்போகிறார்கள் என்றார். நம் ஊரிலும் அதே ஆட்டம்தான். புறக்கோட்டையில் விலை கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் தலையைச் சரித்து ஓர் ஆட்டு ஆட்டுவார், அதில் 'சரி'யும் இருக்கும், 'பார்ப்போம்' என்பதும் இருக்கும், 'நீ முதலில் ஒரு விலை சொல்' என்பதும் இருக்கும். நமக்கு அதைப் படிக்கத் தெரியும். ஒரு கமெரா எந்தப் பெட்டியில் போடும்?

வீயின் கதை இன்னும் கூத்து. பந்து உருட்டும் விளையாட்டில் கையை வீசி, பந்தை விடும் நேரத்தில் பொத்தானை விடச் சொன்னார்கள். ஆட்கள் கருவியையே விட்டுவிட்டார்கள், அது போய் ரீவியில் மோதியது. ஏனென்றால் பந்தை எறிவது என்றால் கையை விடுவதுதான் இயல்பு! நிறுவனம் மணிக்கட்டு வாரைத் தடிப்பாக்கி இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அளவுக்கு மேல் இயல்பானதால் வந்த வினை இது.

கையை நீட்டிக்கொண்டே வேலை செய்தால் தோள் விட்டுப்போகும் என்பதற்கும் 'கொரில்லாக் கை' என்று பெயர் உண்டு, செங்குத்தாக நிற்கும் தொடுதிரைகளின் பழைய நோய் அது. கண்ணால் இயக்குவதில் வேறு தொல்லை. பார்த்ததெல்லாம் அழுத்தியதாகிவிடும், சும்மா பார்க்கவே முடியாது. தொட்டதெல்லாம் பொன்னான கிரேக்க ராஜாவின் பெயரால் அதை மைடாஸ் தொடுகை என்று ரொபர்ட் ஜேக்கப் அழைத்தார். எங்கள் ஆள் யாராவது பெயர் வைத்திருந்தால் பஸ்மாசுரன் என்றுதான் வைத்திருப்பார், கடைசியில் தன் தலையிலேயே கை வைத்துக்கொள்வதுவரை பொருந்துகிறது. 2024இல் வந்த, கண்ணில் மாட்டிக்கொள்ளும் அப்பிள் விஷன் புரோ இதற்குக் கண்ட வழி, கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒரு கிள்ளு. பார்ப்பது காட்டுவதற்கு, கிள்ளுவது சொல்வதற்கு. 1980இன் 'அதை அங்கே வை' கொஞ்சம் வேஷம் மாறி வந்திருக்கிறது.

படத்தைப் பெரிதாக்க இரண்டு விரலை விரிக்கிறோமே, அதுவும் பிறப்பில் வந்ததல்ல. உலகத்தில் எந்தப் பொருள் இரண்டு விரலை விரித்தால் பெரிதாகிறது? அப்பளம் உடையும். ரொட்டி மா வேண்டுமானால் கொஞ்சம் இழுபடும். ஆனால் ஒரு தடவை பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்காது, விரல் விரிகிற அளவுக்குப் படமும் கூடவே விரிகிறது, நடுவில் தாமதம் இல்லை, விரல் வைத்த புள்ளிகள் விரலுக்குக் கீழேயே நிற்கின்றன. அதனால் கற்றது கற்றதாகவே தெரியவில்லை.

யாருக்கு இயல்பு

மைக்ரோசொஃப்டின் மேசைத்திரையில் வேலை செய்த டேனியல் விக்டரும் டெனிஸ் விக்சனும் சொன்ன விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. 'இயல்பு' என்ற அடைமொழியை இடைமுகத்தின்மேல் வைக்காதே, பயன்படுத்துகிறவர்மேல் வை என்கிறார்கள். அதாவது சைகை இருக்கிறதா, குரல் இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. அதைப் பயன்படுத்தும்போது ஆள் பிறவிக் கைகாரரைப்போல நடந்துகொள்கிறாரா, அப்படி உணர்கிறாரா என்பதுதான் கேள்வி. பழகுவது இருக்கலாம், ஆனால் பழகுகிற நேரத்திலும் தடுமாற வைக்கக் கூடாது.

இதை ஒப்புக்கொண்டால் வேடிக்கையான முடிவுகள் வரும். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அச்சகம் இருக்கிறது, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாம் அடிப்பார்கள். அங்கே தட்டச்சு செய்கிற அண்ணா இருபது வருடமாக, ஆங்கில விசைகளைத் தட்டித் தமிழ் வரவைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார். பாமினியில் 'அம்மா' என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். எந்தத் தர்க்கத்தாலும் இதை இயல்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நிற்பவரோடு கதைத்துக்கொண்டே அடிப்பார், விரல் தானாக ஓடும். அதே அண்ணாவிடம் தொடுதிரையில் தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, கடைசியில் போனைத் தந்து "நீயே அடி" என்பார். அவருக்கு எது இயல்பு இடைமுகம்?

பெயரிலேயே மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 2011இல் அப்பிள் தன் கணினிகளில் பக்கம் உருளும் திசையைத் தலைகீழாக்கி, அதற்கு 'இயல்பான' திசை என்றே பெயர் வைத்தது. போனில் தாளை விரலால் மேலே தள்ளினால் தாள் மேலே போகிறதல்லவா, அதே முறை. நியாயமான பேச்சுத்தான். ஆனால் பல வருடம் மறு திசையில் சுழற்றிப் பழகிய விரலுக்கு அது பேய் பிடித்ததுபோல இருந்தது, கணினி வாங்கியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரே கணினியை மாறி மாறிப் பயன்படுத்தும் இரண்டு பேர் இந்த ஒரு அமைப்புக்காகவே முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

குரல் வந்தபோது எல்லாம் தீர்ந்தது என்றார்கள். குரலும் பழைய கதைதான், 1952இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஓட்ரி என்ற இயந்திரம் வாயால் சொன்ன இலக்கங்களைக் கண்டுகொண்டது. 2011இல் ஐபோனில் பேசினால் பதில் சொல்லும் 'சிரி'யும் 2014இல் அமேசனின் பேசும் ஒலிபெருக்கியான எக்கோவும் வந்த பிறகு அது வீட்டுப் பொருளாயிற்று. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டு கடன் காசு பற்றிய தகவலைப் போனுக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், முன்சீட்டு அன்ரி திரும்பிப் பார்ப்பார். வீட்டுக்குள்ளும் சிக்கல் உண்டு. "பெரிய மாமாவுக்கு எடு" என்று அம்மம்மா போனைப் பார்த்துச் சொன்னார். யார் பெரிய மாமா? நான் அந்த இலக்கத்தை 'கனடா மாமா' என்று ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருந்தேன். ஒரு குடும்பத்தில் ஒரே ஆள் ஒருவருக்குப் பெரிய மாமா, ஒருவருக்கு அத்தான், அம்மம்மாவுக்கோ மகன். அவர் 'பெரிய மாமா' என்று சொன்னதே எங்களுக்காக, நாங்கள் அழைப்பதைப் பார்த்து. அவ்வளவு உறவையும் இயந்திரம் அறிந்தால்தான் அந்த ஒரு வரி விளங்கும்.

அம்மம்மாவின் வட்ஸ்அப்புக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள்ளே, நீண்ட தொடுகை என்று எதைக் கணக்கெடுப்பது என்பதற்கு ஒரு தெரிவு இருக்கிறது. குறுகியது, நடுத்தரம், நீண்டது. நான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் அதை ஒருநாளும் தொட்டதில்லை. அவருடைய போனில் 'நீண்டது' என்று வைத்தேன். மாமாவின் முகப் படத்தையும் முகப்புத் திரையில் போட்டேன், தொட்டால் நேராக அவருக்கே அழைப்புப் போகும்படி. இப்போது அவர் கோலிங் பெல்லை அழுத்துவதுபோல நன்றாக அழுத்துகிறார், போன் பொறுத்துக்கொண்டு நிற்கிறது, விரலை எடுத்ததும் மணி போகிறது.

போன கிழமை அவருடைய போனில் ஒரு முகவரியை நகலெடுக்க வேண்டியிருந்தது. விரலை வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை, எடுத்தேன், திரும்ப வைத்தேன், இன்னும் பலமாக அழுத்தினேன். அம்மம்மா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரப்படாதை தம்பி, கொஞ்சம் வைச்சுக்கொண்டிரு" என்றார்.